கடைப் பெருங்காயமும் மாவு மில்லும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஏழு வயது. போன வருடம் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கிற நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கற்றுக்கொண்ட சமையலைத் தமிழில் எழுதி வருகிறேன். தினை பிஸ்கட், பாதாம் கேக் என்று நாற்பது குறிப்பு ஆகிவிட்டது. படிப்பது சொந்தக்காரர்கள் பத்துப் பேர்தான். பலரிடம் கொண்டுபோக என்ன செய்யலாம்?

வாசகி, வேலந்தாவளம்

அன்புள்ள தங்கைக்கு,

நாற்பதையும் படித்தேன். ஒரு ரசக் குறிப்பின் கடைசியில், கடைப் பெருங்காயத்தை நிறுத்திய பிறகுதான் மகளுக்கு வயிற்றுவலி நின்றது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். "நாங்கள் சோறுதானே தின்கிறோம், பிள்ளைக்கு ஏன் இன்னும் சரியாகவில்லை?" என்று தவிக்கிற அம்மாவுக்கு இது தெரியாது. அவருக்குப் பாதாம் கேக் அப்புறம் ஆகட்டும். இட்லி, இடியாப்பம், ராகிக் களி எல்லாம் அவரே செய்வார். கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நம் தமிழக-கேரள எல்லைப் பக்கத்தில் அது இன்னும் சிக்கல். பொள்ளாச்சியில் பஜ்ஜிக்குக் கடலைமாவு, கொழிஞ்சாம்பாறையில் பழம்பொரிக்கு மைதா. இரண்டையும் ஒரே எண்ணெயில் பொரித்தால் பஜ்ஜியும் ஆகாது. கோதுமைப் புட்டு அவித்த குழலில் அரிசிப் புட்டு அவிப்பதும் அப்படித்தான்.

என் அக்கா பேரனுக்கும் இதே நோய். ஒருமுறை பச்சரிசியைக் கழுவி உலர்த்தி மில்லுக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் அரைத்தது யாருடைய கோதுமையோ, நாங்கள் கேட்கவில்லை. அந்த மாவில் இடியாப்பம் பிழிந்து கொடுத்தோம். பையன் மூன்று நாள் துடித்தான். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். ஒரு கிலோ அரிசிமாவில் ஏறக்குறைய கால் கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே அதைத் தொட்டுவிடும். இப்போது வீட்டு மிக்ஸியில்தான் அரைக்கிறோம், சல்லடையும் தனி. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

இன்னொன்றையும் அடிக்கடி எழுதுங்கள். சந்தேகம் வந்ததும் பலர் கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். அப்படிப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பரிசோதனை முடியும்வரை கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோதுமையை விடுவதை எடை குறைக்கிற வழி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூட்டம் வரும்தான், ஆனால் நோயுள்ள பிள்ளையின் வீட்டார் உங்களை நம்பமாட்டார்கள்.

சரி, கொண்டுபோகும் வழி. தலைப்பில் 'குளூட்டன்' என்பதோடு 'கோதுமை சேராத' என்றும் போடுங்கள், நம் ஆட்கள் அப்படித்தான் தேடுவார்கள். தவிர்க்க வேண்டியவற்றை ஒரே தாளில், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் அச்சடித்து மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் இருபது பிரதி கொடுங்கள். அடுத்த குடும்பம் அவரிடம்தான் முதலில் வரும். மகளின் டீச்சருக்கும் ஒன்று.

காயத்தைப் பற்றி இந்த வாரமே எழுதி எனக்கு அனுப்புங்கள். அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.