‘நாளைக்குப் படிக்கிறேன்’: ஓர் ஆசிரியையின் கேள்வி பதில்

மொரிஷியஸில் முப்பத்தொரு ஆண்டுகள் இடைநிலைப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பாடம் புரியாமல் தோற்ற பிள்ளைகளைவிட, புரிந்தும் உட்காராமல் தோற்ற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தேன். அதனால்தான் படிப்பைத் தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றி யாரும் எதையும் கேட்கலாம் என்றேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

ரோஸ் ஹில் மாணவி, வயது 16: மிஸ், அக்டோபரில் எனக்கு எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்) தேர்வு. பள்ளி விட்டு, லெசோன் (தனிவகுப்பு) முடித்து, மெட்ரோ பிடித்து வீடு சேர ஆறு மணியாகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம் என்பேன். அப்புறம் ஃபோன். நிமிர்ந்து பார்த்தால் மணி பத்து. ‘சோம்பேறி’ என்று அம்மா திட்டுகிறார். நான் சோம்பேறியா?

இல்லை, கண்ணு. சோம்பேறிக்குப் பத்து மணிக்கு மனம் உறுத்தாது. உனக்கு உறுத்துவதால்தான் எழுதியிருக்கிறாய்.

ஒன்றைக் கவனித்துப் பார். எல்லாப் பாடத்தையுமா தள்ளிப்போடுகிறாய்? பிடித்த பாடம் என்றால் ஃபோனை வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். தள்ளிப்போவது ஒன்றோ இரண்டோதான். பெரும்பாலும் கணக்கு, இல்லாவிட்டால் போன தேர்வில் மதிப்பெண் குறைந்த பாடம். அந்தப் புத்தகத்தைக் கண்டதும் வயிற்றைப் பிசைகிறது. அதிலிருந்து தப்பிக்கக் கை ஃபோனைத் தேடுகிறது. ஃபூஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதியதும் இதைத்தான்: ஒருவர் வேலையைத் தள்ளிப்போடும்போது அந்த நிமிடத்துக் கசப்பை ஆற்றிக்கொள்கிறார். ஆறுதல் இன்றைக்குக் கிடைத்துவிடுகிறது. கடன் நாளைக்கு எழுந்திருக்கப்போகும் உன் தலையில் விழுகிறது.

ஆகவே பெரிய கால அட்டவணை எதுவும் வேண்டாம். அதற்குக் கோடு போட்டு வண்ணம் தீட்டுவதும் தள்ளிப்போடுவதில் ஒரு வகைதான். பயமுறுத்தும் பாடத்தில் பயமுறுத்தாத அளவுக்குச் சின்னதாக ஒரு துண்டை நறுக்கி எடு. ‘இன்றைக்குக் கணக்குப் படிப்பேன்’ என்று சொல்லாதே. இப்படிச் சொல்: ‘டீ குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும், சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய வினாத்தாளின் முதல் கேள்வியை என் கையால் நோட்டில் எழுதுவேன்.’ விடை காண வேண்டியதில்லை, கேள்வியை எழுதினால் போதும். ‘இது முடிந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முடிவெடுப்பவர்கள், ‘நன்றாகப் படிப்பேன்’ என்று பொதுவாக முடிவெடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டினார். என் வகுப்பறையிலும் அதுவே நடந்தது. கேள்வியை எழுதிய கை அப்படியே நிற்பது அபூர்வம்.

ஃபோனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது போதாது. பாட்டி இருக்கும் அறையில் கொடுத்துவிட்டு வா. எழுந்து போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்றால் பாதி ஆசை அடங்கிவிடும்.

த்ரியோலேயிலிருந்து ஒரு தாய்: என் மகன் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) தேர்வு எழுதுகிறான். எப்போது கேட்டாலும் ‘டெமே, மா’ (நாளைக்கு, அம்மா) என்கிறான். ஆனால் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து, வெயிலில் நடந்து மலையேறினான். அதில் இருக்கும் கட்டுப்பாடு படிப்பில் ஏன் இல்லை? நான் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன்.

சகோதரி, பதிலை உங்கள் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள். அந்தப் பத்து நாளை நினைத்துப் பாருங்கள். கொடியேற்றம் என்று ஒரு நாள் இருந்தது. அதை அவனால் ‘டெமே’ என்று நகர்த்த முடியாது. அந்த நாட்களில் உங்கள் வீட்டில் மீன் சமைத்தீர்களா? குளிர்பெட்டியில் கோழி இருந்ததா? மாலையானால் கோயிலுக்குப் போக அவனோடு அப்பா வந்தார், மாமா வந்தார், தெருவில் நான்கு பேர் வந்தார்கள். விரதம் இருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு நாள் முகம் வாடினால் ‘இன்னும் நாலு நாள்தான்’ என்று யாரோ ஒருவர் முதுகைத் தட்டினார். மன உறுதி அவனுடையதுதான். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க வீடே நின்றது.

படிப்புக்கு அவனுக்கு என்ன இருக்கிறது? மூடிய அறை, நவம்பரில் எங்கோ ஒரு தேதி, கதவுக்கு வெளியே உங்கள் குரல். கதவுக்கு வெளியிலிருந்து சத்தம் வர வர, அந்தப் புத்தகத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. தப்பிக்க அவனுக்குக் கூடுதல் காரணம் கிடைக்கிறது.

விரதத்துக்குச் செய்ததையே செய்யுங்கள். அவனோடு பேசி, ஒரு பாடப் பகுதிக்கு மட்டும் பத்து நாள் குறியுங்கள், தொடங்கும் நாளும் முடியும் நாளும் சொல்லி. தினம் ஏழிலிருந்து எட்டு வரை தொலைக்காட்சி ஓடக் கூடாது, உங்கள் ஃபோனும் ஒதுங்கட்டும். நீங்களும் அதே மேசையில் வீட்டு வரவுசெலவு நோட்டோ, தையலோ, கீரை ஆய்வதோ, ஏதாவது வேலையோடு உட்காருங்கள். அவன் நோட்டை எட்டிப் பார்க்காதீர்கள். எட்டு மணிக்கு ‘எது கஷ்டமாக இருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘எத்தனை முடித்தாய்?’ என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் தவறினால்? அன்றைக்குத் திட்டாமல் விடுவதுதான் உங்களுக்கு மிகக் கடினமான விரதம். கனடாவில் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். உங்கள் மகன் தன்னை மன்னித்துக்கொள்ள வேண்டுமானால், முதலில் வீடு அவனை மன்னித்திருக்க வேண்டும்.

மயேபூரிலிருந்து ரெதுய் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்: கடைசி இரவின் நெருக்கடியில்தான் எனக்கு மூளை வேலை செய்கிறது. இதுவரை எல்லாத் தாளிலும் தேறியும் விட்டேன். இதை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டும், தம்பி. தேறியதும் உண்மைதான். கடைசி இரவில் வேறு வழியில்லாததால் பயத்தோடு பேரம் பேச நேரமில்லை, அதனால் உட்கார்ந்துவிடுகிறாய். மூளை கூர்மையானதாகத் தோன்றுவது அதனால்தான்.

டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் மாணவர்களை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து கவனித்து 1997இல் எழுதினார்கள். தள்ளிப்போடுகிறவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், நோய்கூடக் குறைவு. பருவத்தின் முடிவில் அவர்களுக்கு மன அழுத்தமும் நோயும் மற்றவர்களைவிட அதிகமாகி, முன்பு கிடைத்த நிம்மதியை மிஞ்சிவிட்டன. மதிப்பெண்ணும் குறைவு.

இன்னொன்றையும் சொல்கிறேன். ரோடிகர், கார்பிக்கி என்பவர்கள் 2006இல் செய்த சோதனை இது. ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். கடைசி இரவுப் படிப்பு அந்த ஐந்து நிமிடக் கூட்டத்தைச் சேர்ந்தது. முதலாண்டுப் பாடத்தின் மேல் இரண்டாமாண்டுப் பாடம் வந்து உட்காரும்போது அடியில் ஒன்றும் இருக்காது. வாரம் இருமுறை, பேருந்தில் வரும்போது, அன்றைய வகுப்பில் கேட்டதை நோட்டைத் திறக்காமல் ஒரு பக்கம் எழுதிப் பார். கடைசி இரவு படித்தே தீருவேன் என்றாலும் படி. அது மறுவாசிப்பாக இருக்கட்டும்.

கியூர்பிப் மாணவர், வயது 14: 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் முறை உதவுமா?

உதவும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில் கல்லூரியில் படித்தபோது, தக்காளி வடிவில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய முறை அது. நீயும் சமையலறைக் கடிகாரத்தையே வை, ஃபோனில் வேண்டாம். ஐந்து நிமிட ஓய்வில் வெளியே போய் நில். 25 நிமிடம் மலைப்பாக இருந்தால் பத்தில் தொடங்கு.

காத்ர் போர்ன் மாணவி, வயது 17: மிஸ், எனக்குத் தள்ளிப்போவது தமிழ்க் கட்டுரைதான். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழில் முதல் வரியே வரவில்லை. வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். முதல் வரியை எழுதாதே. கட்டுரையின் நடுவிலிருந்து தொடங்கு. ‘எங்கள் ஊர்ச் சந்தை’ என்று தலைப்பு என்றால், முன்னுரையை விட்டுவிட்டு, நேற்று சந்தையில் நீ பார்த்த ஒரு காட்சியை வாயால் சொல். தமிழ்ச் சொல் வராத இடத்தில் கிரியோலையே போட்டுக்கொள். ‘போம் தாமூர் விற்கிற ஆயா கத்தரிக்காய்க்கு என்ன விலை சொன்னாள்’ என்று சொன்னாலும் சரி. சொன்னதை அப்படியே எழுது. பிறகு கிரியோல் சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, அவற்றுக்கு மட்டும் தமிழைத் தேடு. ‘போம் தாமூர்’ என்பதற்குத் தக்காளி என்ற ஒரு சொல்லைத் தேடுவது ஒரு கட்டுரையைத் தேடுவதைவிட எளிது. சந்திப் பிழை, ஒற்றுப் பிழை எல்லாம் மூன்றாம் நாள் பார்க்கலாம். எழுதும் கையும் திருத்தும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் தாள் வெள்ளையாகவே இருக்கும். வகுப்பில் பிழைக்குச் சிவப்பு மையை அள்ளித் தெளித்த ஆசிரியர்களும் இந்தப் பயத்துக்குக் காரணம். தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

க்ராண்ட் பே ஓட்டலில் வேலை பார்ப்பவர், வயது 34: வேலையோடு பட்டப்படிப்பு முடித்துவிட்டேன், ஆய்வேடு மட்டும் பாக்கி. இரண்டு ஆண்டாகத் தொடவில்லை. அந்தக் கோப்பைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கம் எனக்குத் தெரியும், தம்பி. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நான் பதினொரு மாதம் தொடவில்லை. முதல் இயலைப் படித்த மேற்பார்வையாளர் ‘இதில் என்ன புதிதாக இருக்கிறது?’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். அந்த வரியைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்பதற்காக அலமாரியையே பூட்டினேன். பிள்ளைகளின் விடைத்தாள், வீட்டு வேலை, கோயில் வேலை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. எல்லாம் உண்மையான வேலைகள்தான். அதனால்தான் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது.

என்னை மீட்டவர் பக்கத்து வகுப்பு பிரெஞ்சு ஆசிரியை. வியாழக்கிழமை மதிய இடைவேளையில், எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து அவரிடம் வாசிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பக்கத்தை நான் கிரியோலில் விளக்கிச் சொல்வேன், கேட்டுக்கொண்டு தால் பூரி சாப்பிடுவார். ஏழாவது வியாழன் வந்தபோது இயல் முடிந்திருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு வியாழக்கிழமை வேண்டும். ஷிஃப்ட் மாறினாலும் மாறாத ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். ‘டிசம்பருக்குள் முடிப்பேன்’ என்று ஒரே தேதி வைக்காதீர்கள். டான் ஏரியலியும் க்லாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகளுக்குச் சம இடைவெளி விட்டுத் தேதி குறித்துக் கொடுத்த வகுப்பு, தேதிகளை மாணவர்களே குறித்துக்கொண்ட வகுப்பைவிட அதிக மதிப்பெண் வாங்கியது. நாட்கணக்கையும் தாராளமாகப் போடுங்கள். 1994இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். அவர்கள் முழுநேர மாணவர்கள். நீங்கள் இரவுப் பணியிலிருந்து வருகிறவர்.

இந்த வாரம் எழுத வேண்டாம். கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதிய பத்தியை மட்டும் வாசித்துவிட்டு மூடுங்கள்.

பெயரும் ஊரும் சொல்லாத ஒருவர்: என் தம்பிக்குப் படிப்பு மட்டுமல்ல, சாப்பாடு, குளியல், நண்பர்கள் எல்லாமே தள்ளிப்போகின்றன. மூன்று மாதமாக இரவில் தூக்கமும் இல்லை.

இது என் வழிகளால் தீராது. தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வோ கவனக் குறைபாடோ இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. போகும்போது நீங்களும் கூடவே உட்காருங்கள்.

ரியூனியன், சேந்தாந்த்ரேயிலிருந்து ஓர் அன்பர், வயது 52: தாத்தாவின் மொழியைக் கற்க ஆசைப்பட்டுப் புத்தகம் வாங்கி மூன்று ஆண்டு ஆகிறது. எனக்குத் தேர்வு இல்லை, ஆசிரியர் இல்லை, கேட்பாரும் இல்லை. 247 எழுத்து என்று பார்த்ததும் மூடிவிடுகிறேன். இந்தக் கேள்வியையும் வேறொருவர்தான் தமிழில் எழுதித் தந்தார்.

247 என்ற எண்ணை மறந்துவிடுங்கள், ஐயா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216ம் இவை சேர்ந்து உண்டாவது, குறியீடுகளைப் பழகினால் தானாக வரும். முப்பத்தொன்றையும்கூட இப்போது தொட வேண்டாம்.

உங்களைத் தடுப்பது, நீங்களே சொன்னதுபோல, கேட்பார் இல்லாததுதான். உங்கள் தீவில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் ஏறி, தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றுவிட்டன. உங்கள் தாத்தாவின் பெயரும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பெயருக்கு வேண்டிய எழுத்துகள் ஐந்தோ ஆறோதான். அவற்றை மட்டும் புத்தகத்தில் தேடி எடுத்து, தாளில் எழுதிப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் கடிகாரமும் எங்கள் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.