ஹரிலால் நடத்திய கடை

கேள்வி: மகாத்மா காந்தியின் மூத்த மகன் ஹரிலால் வியாபாரியாக இருந்தாராமே? அப்பாவின் பெயரைக் கெடுத்த உருப்படாத பிள்ளை என்று என் தாத்தா சொல்வார். சரிதானா?

பதில்: 'உருப்படாத' என்பதை உங்கள் தாத்தா திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஹரிலால் செய்த முதல் வியாபாரம் எது தெரியுமா? 1908இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் தெருவில் லைசென்ஸ் இல்லாமல் பழம் விற்றார். அது சத்தியாக்கிரகம். வேண்டுமென்றே சட்டத்தை மீறிக் கைதானார். நீதிமன்றத்தில் அவருக்காக நின்ற வக்கீல், தகப்பனார் காந்தி. 1911க்குள் ஆறு முறை சிறை சென்றார். வீட்டில் இளம் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அங்கிருந்த இந்தியர்கள் அவரைச் 'சின்ன காந்தி' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் பிறப்பால் வந்ததல்ல, சிறையில் சம்பாதித்தது.

தந்தையைப் போலத் தானும் லண்டன் போய் பாரிஸ்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. படிக்க உதவித்தொகை வந்தபோது காந்தி வேறொருவரை அனுப்பினார். அந்தக் காயம் ஆறவே இல்லை. 1918இல் விஷக்காய்ச்சல் மனைவியையும் கொண்டுபோயிற்று. கல்கத்தாவில் வியாபாரம் நொடித்தது, குடி பிடித்துக்கொண்டது. இவ்வளவையும் விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தை மட்டும் மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு.

இனி 1925. ஹரிலால் இயக்குநராக இருந்த ஒரு ஸ்டோர்ஸ் கம்பெனியில், காந்தி பெயரை நம்பி பஞ்சாபின் லயால்பூர்க்காரர் ஒருவர் பணம் போட்டு ஏமாந்தார். அவருடைய வக்கீல் காந்திக்கே எழுதிக் கேட்டார். காந்தி அதை மறைக்கவில்லை. தன் 'யங் இந்தியா' பத்திரிகையிலேயே பதில் எழுதினார்: ஆம், நான்தான் அவன் தகப்பன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வழிகள் பிரிந்துவிட்டன. பெரிய பெயர்களைப் பார்த்துப் பணம் போடாதீர்கள். மகனின் குறைகளைத் தாண்டியும் அவனை நேசிக்கிறேன் என்றும் அதே பதிலில் எழுதினார்.

கேள்வி-பதில் பக்கம் நடத்துகிற எவனும் அதைப் படித்திருக்க வேண்டும். வீட்டுக் காயத்தை ஊரறியத் திறந்தாரே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் முதலீட்டாளரிடம் அவர் சொன்ன சேதி நூற்றுக்கு நூறு சரி. தலைவர் படத்தை வரவேற்பறையில் மாட்டிய நிதி நிறுவனங்களில் ஓய்வூதியப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் பல தடவை கத்தியிருக்கிறேன். படத்தில் இருக்கும் தலைவர் ஒருவராவது 'என் மகனின் கம்பெனிக்கு நான் பொறுப்பில்லை, என்னை நம்பிப் பணம் போடாதீர்கள்' என்று விளம்பரம் கொடுத்தாரா?

தேர்தல் பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளர், துணைவர், அவரைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்துக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். தனித்துத் தொழில் நடத்தும் மகனின் கம்பெனி அதில் வருவதில்லை. அதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்; ஒதுக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.