சேலம் மாதிரி ஊரில் கிரிமினல் வக்கீல் ஏஐ வழக்குகளும் நடத்த முடியுமா?

“சேலம் மாதிரி சின்ன ஊரில் கிரிமினல் பிராக்டீஸையும் ஏஐ வழக்குகளையும் ஒருவரே பார்க்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டக் கல்லூரி கடைசி வருடமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முடியும். ஆனால் அந்தச் ‘சின்ன ஊர்’தான் கொஞ்சம் சுருக்கென்றது. ராஜாஜி 1900-ல் தொழில் தொடங்கியது இங்கேதான். அவருக்கும் முன்னால், 1882 கலவர வழக்கில் பத்தாண்டு தண்டனை வாங்கி, மேல்முறையீட்டில் விடுதலையான விஜயராகவாச்சாரியாரும் சேலம் வக்கீல்தான்.

இது விளம்பரம் இல்லை. பார் கவுன்சில் விதி 36 எனக்கும் தெரியும், பெயர் போடவில்லை. கீழே வரும் வழக்கு முடிந்துவிட்டது. கட்சிக்காரரிடம் கேட்டு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வக்கீல் ரகசியம் காக்க வேண்டாமா என்று யாரும் கமென்ட்டில் கிளம்ப வேண்டாம்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். மகன் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவன். வெள்ளி காணாமல் போனதாக முதலாளி புகார் கொடுக்க, வேலைக்காரன் திருட்டு என்று நியாய சன்ஹிதா (பழைய ஐபிசி-க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 306-ல் வழக்கு. ஏழு வருடம் வரை போகும் பிரிவு. போலீஸ் கையில் இருந்த பெரிய ஆதாரம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆடியோ. “நான்தான் எடுத்தேன்” என்று பையன் குரல் சொல்கிறது.

“எம்பையன் அப்படிப் பேசறவன் இல்லீங்க சார். இப்பல்லாம் ஏஐ-ல குரல் பண்றாங்களாமே” என்றார் அந்த அம்மா.

எனக்கு உள்ளுக்குள் குஷி. அப்போதுதான் ஆன்லைனில் ஏஐ சட்டம் பற்றி ஒரு சான்றிதழ் படிப்பு முடித்திருந்தேன். (இரண்டு மாதம், பாதி ஐரோப்பியச் சட்டம். நம் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அதில் ஒரு வரி கிடையாது.) குரல் போலி என்று மனுவே எழுதிவிட்டேன். அதற்குத் தீர்ப்பு தேடும்போது ஒரு ஏஐ செயலி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எண்ணோடு கொடுத்தது. சீனியரின் குமாஸ்தா தேடிப் பார்த்துவிட்டு, “அய்யா, அந்த நம்பர்ல இருக்கறது சொத்துப் பாகப்பிரிவினைங்க” என்றார். 2023-ல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. என்னைக் காப்பாற்றியது எழுபது வயது குமாஸ்தா.

மனுவைப் படித்த சீனியர் ஒன்றுதான் கேட்டார்: “பையன் கிட்ட கேட்டியா?”

கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

அஸ்தம்பட்டி மத்திய சிறைக்குப் போனேன். “தம்பி, அது உன் குரலா?” என்றேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “என் குரல்தான் சார்” என்றான். பட்டறைக் கதவைப் பூட்டி, ஐந்தாறு பேர் சுற்றி நின்று, ராத்திரி முழுக்க அடித்துச் சொல்ல வைத்திருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் அழுததை அம்மாவிடம் சொல்ல வெட்கம். அதனால்தான் அவர் ஏஐ என்றபோது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறான்.

போலிக் குரல் வாதத்தோடு போயிருந்தால், தடயவியல் அறிக்கை ‘இது அவன் குரலே’ என்று வந்திருக்கும், கதை முடிந்திருக்கும். மனுவைக் கிழித்தேன்.

விசாரணையில் எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியம் பிரிவு 63. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி; 2024 ஜூலை 1 முதல் இந்த எண். மின்னணு ஆதாரத்துக்கு இதன்படி சான்றிதழ் வேண்டும். பகுதி ஏ-யில் கருவியைக் கையாண்டவர், பகுதி பி-யில் நிபுணர் கையெழுத்திட்டு, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்புக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்) எழுத வேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இந்த வழக்கில் ஃபார்வர்டு ஆன ஆடியோவைப் பென் டிரைவில் ஏற்றியிருந்தார்கள். பதிவு செய்த போனைக் கைப்பற்றவே இல்லை, பகுதி பி காலி. ஹாஷ் என்றால் என்ன என்று கூண்டில் இருந்த விசாரணை அதிகாரியிடம் கேட்டேன். அவர் அரசு வக்கீலைப் பார்த்தார்.

இன்னொன்று பழைய குறுக்கு விசாரணைதான். ஆடியோ எடுத்தவர் முதலாளியின் மைத்துனர். “கதவு திறந்திருந்ததா?” “சாத்தியிருந்தோம்.” “எதற்கு?” “அவன் ஓடிடுவான்னு.” “ஓடுவதற்கு என்ன காரணம்?” பதில் இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பையன் விடுதலை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது செய்தி நிறுவனமான ஏஎன்ஐ 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட பதிப்புரிமை வழக்கு மாதிரி எதுவும் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வராது. இங்கே வருவது குரலை நகலெடுத்துப் பணம் பறித்தது, பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்தது, ஐ.டி. சட்டம் 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி), 66இ (அந்தரங்க மீறல்). இரண்டு பக்கக் கட்சிக்காரர்களும் வருவார்கள். எல்லாமே முதலில் ரிமாண்டும் பெயிலும்தான். முதல் மூன்று வருடம் அதைப் படியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் வக்கீலுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு, வண்டியில் வக்கீல் ஸ்டிக்கரைப் பார்த்ததும் “சொந்தக்காரங்க வர்றாங்க” என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காலி பண்ணச் சொன்னால் கேஸ் போடுவோமாம். பதினாறு வருடத்தில் எனக்காக ஒரு கேஸ் போட்டதில்லை.

இப்போது இருக்கும் வீட்டுக்காரருக்கு, நான் ஏதோ ஏஐ கம்பெனியில் வேலை பார்ப்பதாக எண்ணம். புரோக்கர் சொன்னது. நானும் திருத்தவில்லை. கறுப்புக் கோட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் காலையில் படியிறங்குகிறேன்.