பதினொண்ணா பன்னெண்டா?

கேள்வி: சார், என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. கூட்டுத் தொடர்வரிசை (ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு கூடிக்கிட்டே போற எண் வரிசை) சூத்திரமெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா, ஆனா வாக்கியக் கணக்குன்னு வந்துட்டா முழிக்கிறா. என்ன பண்றது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: சூத்திரத்தை கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்லுங்கம்மா. ஒருத்தர் முதல் மாசம் 500 ரூபா உண்டியல்ல போடுறார், அப்புறம் மாசாமாசம் 50 ரூபா கூட்டிப் போடுறார்னு வச்சுக்கங்க. முதல்ல 500, 550, 600ன்னு மூணு எண்ணை எழுதிப் பாக்கட்டும், முதல் உறுப்பு 500, பொது வித்தியாசம், அதாவது ஒவ்வொரு தடவையும் ஏறுறது, 50ன்னு தானா கண்ணுல படும்.

பன்னெண்டாவது மாசம் எவ்வளவு போடுவார்? இங்கதான் பாதிப்பேர் 12 தடவை 50ஐக் கூட்டிடுவாங்க, முதல் மாசம் ஏத்தமே இல்லையே, அதனால 11 தடவைதான், 11 × 50 = 550, ஆக 500 + 550 = 1050. பந்தல்ல ஒரே வரிசையா 12 கால் நட்டா நடுவுல 11 இடைவெளி, அவ்வளவுதான் சமாச்சாரம்.

அடுத்த குழப்பம், ‘பன்னெண்டாவது மாசம்’னு கேட்டா ஒரு உறுப்பு, ‘ஒரு வருஷத்துல மொத்தம்’னு கேட்டா எல்லா உறுப்பையும் கூட்டுன கூடுதல். முதல் மாசமும் கடைசி மாசமும் சேர்த்தா 1550, ரெண்டாவதும் பதினொண்ணாவதும் சேர்த்தாலும் அதே 1550, இப்படி 6 ஜோடி, ஆக 9300 ரூபா. சூத்திரம் சொல்றதும் இதைத்தான்!

எந்த மாசம் 800 போடுவார்னு திருப்பிக் கேட்டா? 300 ஏறியிருக்கு, 50ஆல வகுத்தா 6, ஒண்ணைக் கூட்டுங்க, ஏழாவது மாசம். அந்த ஒண்ணை விட்டா மார்க் போச்சு. ஆனா மாசாமாசம் ‘ரெண்டு மடங்கு’ன்னு இருந்தா அது பெருக்குத் தொடர்வரிசை, இந்த வேலையெல்லாம் அங்க செல்லாது.