பௌஹவுஸ் முறையில் வண்ணங்களைச் செய்து பார்த்தே கற்க முடியுமா?

பௌஹவுஸ் பாணியில் வண்ணக் கோட்பாட்டை வீட்டிலேயே கற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கற்கலாம். பௌஹவுஸ் என்பது 1919-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய கலை, வடிவமைப்புப் பள்ளி. அங்கே மாணவராகச் சேர்ந்து ஆசிரியரான யோசெப் ஆல்பர்ஸ், 1933-ல் பள்ளி மூடப்பட்டதும் அமெரிக்கா போனார். அங்கே வண்ண வகுப்பில் பெயிண்டுக்குப் பதில் வண்ணக் காகிதம் கொடுத்தார். பெயிண்ட் கலக்கும்போது ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் பிசகும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரே சாம்பல் நிறக் காகிதத்தில் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளிறித் தெரியும். வெள்ளையின் மேல் அதே சாம்பல் இருண்டுவிடும். ஒட்டிவிடாதீர்கள், இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். அடுத்து அதே சதுரங்களை மஞ்சள் தாளிலும் அடர்நீலத் தாளிலும் வைத்துப் பாருங்கள். நிறங்களை வட்டமாக வரிசைப்படுத்திக் காட்டும் நிறச் சக்கரத்தை மனப்பாடம் செய்யும் முன் இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.