மருந்தடித்த மறுநாள் தேனீப் பெட்டி

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். அயல் தோட்டத்தில் பூசணிக்கும் பாகலுக்கும் மருந்தடித்த மறுநாள் பெட்டி வாசலில் இரண்டு கையளவு தேனீக்கள் செத்துக் கிடந்தன. அடுத்த முறை பெட்டியை மூடி வைக்கலாமா?
– வாசகர், ஹோமாகம

பதில்: செத்த தேனீ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நாக்கு வெளியே நீண்டு, சிறகு விரிந்து கிடந்தால் நஞ்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உயிரோடு இருப்பவை நடுங்கியபடி ஒரே இடத்தில் சுற்றுவதும் அதே அறிகுறி.

மூடலாம், ஆனால் பகல் முழுக்க மூடாதீர்கள். இந்த வெக்கையில் கூட்டம் புழுங்கிச் செத்துவிடும், வதையும் இளகி விழும். மூடியே ஆகவேண்டுமானால், முதல் நாள் இருட்டி எல்லாம் உள்ளே வந்தபின் வாசலில் நுண்ணிய கம்பிவலை வையுங்கள். பெட்டிமேல் நனைத்த சாக்கைப் போட்டு, காலையில் சில மணி நேரத்துக்குள் திறந்துவிடுங்கள்.

இதைவிட, அயலவரோடு பேசுவது நல்ல பலன் தரும். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன்பே சுருங்கிவிடும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு அடித்தால் அந்தப் பூவைத் தேடித் தேனீ வராது. மறுநாள் விரிவது புதுப் பூ. அவர் வேலை ஒன்றும் கெடப்போவதில்லை.

ஆனால் மருந்தின் பெயரையும் கேளுங்கள், சுட்டித்துண்டில் இருக்கும். ஸ்பினோசாட் ஈரமாக இருக்கும்வரை தேனீக்குக் கடும் நஞ்சு. காய்ந்த பிறகு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அதற்கு மாலை நேரம் உதவும். இமிடாக்குளோபிரிட், தயமெதொக்சாம் போன்றவை அப்படியல்ல. அவை செடியின் சாறோடு ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலப்பவை. இன்று மாலை அடித்தது நாளைய பூவிலும் இருக்கும். மேலைநாட்டுத் தேனீயில் செய்த சோதனைகளின்படி, ஏறத்தாழ 4 நானோகிராம் இமிடாக்குளோபிரிட் வயிற்றுக்குள் போனால் பாதித் தேனீக்கள் சாகும். ஒரு கிராமை 25 கோடித் தேனீக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு வரும் அளவு அது! ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்விரண்டையும் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. பூக்கும் காலத்தில் இவை வேண்டவே வேண்டாம் என்று அயலவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம்.

கேள்வி: வாசலில் ஒரு தேனீகூடச் செத்துக் கிடக்கவில்லை. ஆனால் கூட்டம் பாதியாகிவிட்டது. இதுவும் நஞ்சா?
– வாசகி, அவிசாவளை

பதில்: இருக்கலாம். கொல்லாத அளவு நஞ்சு வழியை மறக்கச் செய்யும். 2012இல் பிரான்சில் முதுகில் நுண்சில்லு ஒட்டிய தேனீக்களுக்குச் சிறிதளவு தயமெதொக்சாம் ஊட்டி விட்டார்கள். ஊட்டாதவற்றைவிட அதிகமானவை கூடு திரும்பவில்லை. வெளியே போனவை வெளியிலேயே மடிவதால் வாசல் சுத்தமாகவே இருக்கும்.

பெட்டியைத் திறந்து பாருங்கள். இராணியும் புழுக்களும் தேனும் இருந்து, வேலைக்குப் போகும் தேனீக்கள் மட்டும் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வதையில் நூலாம்படை போன்ற பின்னல் தெரிந்தால் அது மெழுகுப் பூச்சி. அயலவரைக் குறை சொல்லாதீர்கள். நஞ்சுதான் என்றால், புதிதாக மகரந்தம் நிறைத்த வதையை அகற்றி, சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே வைத்தால் எறும்பு மொய்க்கும்.

கேள்வி: மாடிச் சட்டியில் நட்ட கத்தரிக்கு வெண் ஈ. தேனீக்குக் கெடுதல் இல்லாமல் என்ன அடிக்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி திரவச் சவர்க்காரம். பொழுது பட்டபின் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் விசிறுங்கள், பூவில் படவேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் மேலே பட்டாலே தேனீ செத்துவிடும். கத்தரிப் பூவை உலுக்கி மகரந்தம் கொட்ட வைப்பவை பெரும்பாலும் கருவண்டும் நீலவரித் தேனீயும்தான். அவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். ஐந்து நாள் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்து, குஞ்சுகள் இன்னும் ஒட்டியிருந்தால் மறுபடி விசிறுங்கள்.