அல்பா, பீட்டா தடுப்புக் குளிசைகளை ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

திருகோணமலையில் பிரஷருக்குக் கிளினிக் செல்வோரில் சிலர், அட்ரினலினைத் தடுக்கும் குளிசைகளில் இரண்டு எதற்கு என்று கேட்பதுண்டு. அட்ரினலின், நோரட்ரினலின் ஆகிய ஹோர்மோன்கள் உடலில் வந்து பொருந்தும் இடங்களை அடைத்துவைப்பவையே இம்மருந்துகள். பிரசோசின் போன்ற அல்பா தடுப்பி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. பைசோபுரோலோல் போன்ற பீட்டா தடுப்பி இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது.

குழாய்கள் மட்டும் தளர்ந்தால், இரத்த அமுக்கம் இறங்கியதை உணர்ந்த உடல், இதயத்தை விரைவாக அடிக்கச் செய்து அதை மீண்டும் உயர்த்தப் பார்க்கும். அந்த முயற்சியைப் பீட்டா தடுப்பி மட்டுப்படுத்துகிறது. நிலாவெளி வெங்காயத் தோட்டத்தில் நீரிறைப்பவர், அகன்ற குழாயைப் பூட்டுவதோடு மோட்டாரின் வேகத்தையும் குறைத்துவைப்பதைப் போன்றது இது. லபெட்டலோல், காவெடிலோல் ஆகியவை இரண்டு வேலையையும் ஒரே குளிசையில் செய்கின்றன.

இங்கே வரிசையும் முக்கியம்: அட்ரினலினைச் சுரக்கும் கட்டியால் அமுக்கம் ஏறியிருந்தால் அல்பா தடுப்பியையே முதலில் தொடங்க வேண்டும், பீட்டா தடுப்பி முந்தினால் அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டு குளிசை என்றாலே நோய் முற்றிவிட்டது என்பதும், அமுக்கம் சீரானதும் ஒன்றை நாமே விட்டுவிடலாம் என்பதும் தவறான எண்ணங்கள். பீட்டா தடுப்பியைத் திடீரென நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும், சிலருக்கு மாரடைப்பும்கூட வரலாம்.